வண்டியை ஏன் விற்கவில்லை

அன்புள்ள ரோஷன்,

சனிக்கிழமை காலை நீ அனுப்பிய ஆள் வந்தார். அப்பாவின் பைக்கை இரண்டு முறை சுற்றி வந்து, டேங்கைத் தட்டிப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும் மேடம். வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா கூப்பிடுங்களேன்" என்றார். நானே உதைத்து ஸ்டார்ட் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "பழசுன்னாலும் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, விற்பதாக இல்லை என்று சொன்னேன். காபியை மறுக்காமல் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அன்று மாலை நீ கூப்பிட்டாய். "என்னம்மா நீ, நான் இங்கேர்ந்து எல்லாம் ஏற்பாடு பண்ணா நீ கெடுத்து வெக்கிறே" என்றாய்.  வகுப்பில் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவளுக்கு உன்னிடம் ஃபோனில் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் வார்த்தை வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். கல்யாண வேலைகளுக்கு நடுவில் ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் விட்டு விட்டுப் படி.

உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. அடுத்த மாதம் உன் கல்யாணம். ஷெரின் வீட்டார் வருவார்கள், வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அந்த நேரத்தில் அப்பா வண்டிச் சாவியைக் கேட்டு அடம் பிடித்தால் யார் சமாளிப்பது என்று பயப்படுகிறாய். போன வருடம் யாரோ எடுத்து அபார்ட்மென்ட் குழுவில் போட்ட அந்த வீடியோ உன் கைக்கு வந்தபோது நீ கத்தியதும் எனக்கு மறக்கவில்லை. நான் ஓட்ட, அப்பா பின்னால் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடியோ. "அவருக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சு, உனக்குமா?" என்று கேட்டாய். பிறகு மன்னிப்பும் கேட்டாய். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை என்று உனக்குத் தெரியும், ஆனால் அவர் அதைச் செய்த விதத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் கம்பெனியிலிருந்து முதலில் அவருக்குத்தான் ஃபோன் வரும். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் மதியம், பிரியாணித் தட்டில் வைத்த கையோடு எழுந்து போனார். நான் கோபப்பட்டதற்கு, "உள்ள ஒரு ஆள் நிக்கிறாங்க டீச்சரம்மா, நமக்குப் பத்து நிமிஷம்னா அவங்களுக்கு அது ஒரு நாள்" என்றார். அவரோடு ஒருமுறை வெளியே போயிருந்தபோது நடுவழியில் அழைப்பு வந்து, நானும் அந்தக் கட்டடத்துக்குப் போக நேர்ந்தது. மெஷின் ரூமுக்கு ஆளை அனுப்பிவிட்டு, அவர் மூடிய கதவருகே போய் நின்றார். கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. "உள்ள இருக்கிறவங்க பேரு என்ன?" என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேரைச் சொன்னாள். அதன்பிறகு கதவு திறக்கும்வரை அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தார். வீடு எங்கே, மதியம் என்ன சமையல் என்றெல்லாம். வெளியே வந்த அந்தப் பெண் யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரைக் கேட்காமல் அவர் வேலையைத் தொடங்கியதே இல்லை என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மறதி வியாதி அவரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. தேதி, வழி, கடைக்காரர், என் தங்கையின் முகம். ஆனால் இது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. மாலை ஐந்து மணி ஆனால் எழுந்து நிற்பார். "ஆள் மாட்டிக்கிட்டிருக்கு. சாவி எங்க?" என்பார். முதலில் சாவியை ஒளித்து வைத்தோம். அரிசி டப்பாவில் தேடுவார், ஃப்ரிட்ஜில் தேடுவார், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், உள்ள மூச்சு முட்டும் மேடம், சாவியக் குடுங்க" என்று கெஞ்சுவார். ஒருநாள், அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற சாந்தாக்கா குளியலறையில் துணியை அலசிக்கொண்டிருந்த நேரத்தில் பனியனோடு மெயின் ரோடு வரைக்கும் போய்விட்டார். ஏதோ அவசர வேலையாகப் போகிறார் என்று நினைத்து யாரும் நிறுத்தவில்லை. அவ்வளவு வேகமாக நடந்திருக்கிறார்.

நீ அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் ஒரு வழி தெரிந்தது. அவரைப் பின்னால் உட்கார வைத்து நீ ஒரு சுற்று போய்விட்டு வந்தாய். திரும்பி வந்தவர் "ஆளை வெளிய எடுத்தாச்சு" என்று சொல்லி, கை கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டார். நீ இருந்த நாளெல்லாம் அப்படித்தான். "காத்து பட்டா நல்லா இருக்காரும்மா, யாரையாவது வெச்சு அப்பப்பக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். யாரையாவது என்றால் யாரை? பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கூட்டிப்போனார். வேகமாக ஓட்டினார் போலிருக்கிறது, இவர் பயந்துபோய் அதன்பிறகு அவரைக் கண்டாலே அறைக்குள் போய்விடுவார். ஆட்டோவில் ஏற்றினால் முதல் சிக்னலில் இறங்கிவிடுவார். உன் மாமாவின் காரில் போனபோது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே இவர் கதவைத் திறந்தார். சாந்தாக்காவின் ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டி இல்ல" என்று கையை எடுத்துக்கொண்டார். அந்தச் சத்தம் வேண்டும். அந்த வண்டிதான் வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கல்யாணமான புதிதில் அப்பா ஒருநாள் என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "கத்துக்கோ, நாளைக்கு உதவும்." "எனக்கு எதுக்கு, அதான் நீங்க இருக்கீங்களே" என்றேன். அன்றைக்கு அது அன்பான பதில் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

பிரேசர் டவுனில் பெண்களுக்கு வண்டி கற்றுத்தருகிற ரேஷ்மா என்ற பெண்ணிடம் போனேன். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். வாயில் எப்போதும் சோம்பு. நான் கியர் வண்டி என்றதும் சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி, ஸ்கூட்டி கத்துக்கோங்க, ஜல்தி வந்துடும். கியர் எதுக்கு? ஷோக்கா?"

"ஆசை, ஷோக் எல்லாம் இல்லம்மா. வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாள் எஞ்சினைத் தொடவே விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்றச் சொன்னாள். நிறுத்தி, இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்க்க, நிமிர்த்த, அந்தப் பக்கம் சாய்க்க, நிமிர்த்த. "நேரா நின்னா வண்டிக்கு வெயிட்டே இல்ல ஆன்ட்டி. எந்த எடத்துல வெயிட் வருதுன்னு ஒங்க கைக்குத் தெரியணும். அவ்ளோதான் இன்னிக்கு." வீட்டுக்கு வந்தபோது தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. அடுத்த நாள் வண்டிமேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நடக்கிற மாதிரி நகர்த்தச் சொன்னாள். பெரிய மனுஷி குழந்தை போல வண்டியை நடத்திக்கொண்டு போவதை மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பயத்தைப் பற்றி ஒளிவில்லாமல் எழுதுகிறேன். நீ சின்ன வயதிலிருந்தே என்னைப் பயப்படாதவள் என்று நினைத்திருக்கிறாய். காலையில் எழுந்ததும் மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்ப்பேன், பெய்தால் வகுப்பு இருக்காது. வண்டியைக் கண்டதும் உள்ளங்கை வேர்த்து கைப்பிடி வழுக்கும்.  தன்னம்பிக்கை, துணிச்சல் என்று மேடைகளில் பேசுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. அவை எனக்கு ஒருநாளும் வரவும் இல்லை. கை மட்டும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. பயம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கிளட்ச்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கைப்பிடியை விட்டால் வண்டி துள்ளிச் செத்துப்போகும். மறுபடி உதை, மறுபடி துள்ளல். "மெதுவா விடுங்க ஆன்ட்டி, மெதுவா" என்று ரேஷ்மா சொல்வாள். முழுக்க மெதுவாக விட்டால் எங்கேயோ தூரத்தில் பிடிக்கும், அதற்குள் பதற்றத்தில் விட்டுவிடுவேன். ஒருநாள் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் காட்டிக்கொண்டிருந்தேன். பியூரெட்டின் குழாயை முதலில் தாராளமாகத் திறந்துவிட்டு, நிறம் மாறப்போகிற இடம் நெருங்கியதும் விரலை நிறுத்தி, ஒரு சொட்டு, காத்திருந்து இன்னொரு சொட்டு. இத்தனை வருடமாக யோசிக்காமல் செய்கிற வேலை. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். மறுநாள் காலை கிளட்சை அப்படி விட்டேன். முதலில் தாராளமாக, எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணிந்து, வண்டி முன்னால் போக விரும்புகிற இடம் வந்ததும் விரலை நிறுத்தினேன். வண்டி ஆக்சிலரேட்டரே இல்லாமல் நத்தை போல நகர்ந்தது. நிற்கவில்லை. மைதானத்தின் மறுமுனை வரை அப்படியே போனேன். அங்கே போனபிறகுதான் திரும்பத் தெரியாதே என்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இடது பக்கமாகவே விழுந்தேன். ரேஷ்மாவுக்கு முதலில் புரியவில்லை. சோம்பை மென்றுகொண்டே என்னைச் சுற்றி வந்தாள். "ஆன்ட்டி, ஒங்க இடது தோளு ஏன் எறங்கியே இருக்கு? முட்டி ரெண்டும் ஏன் லெஃப்ட் பக்கமே பாக்குது?" திடீரென்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அய்யோ, புடவை கட்டிட்டு சைடா உட்காந்தே பழக்கமா?"

"ஆமாம்."

"எத்தினி வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து."

"அதான் பாருங்க. நீங்க முன்னாடி வந்துட்டீங்க, ஒங்க ஒடம்பு இன்னும் பின்சீட்லயே உட்காந்திருக்கு."

அன்று அவள் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. என்னைத் தன் பின்னால் இருபுறமும் கால்போட்டு உட்கார வைத்து, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். அப்பாவின் பின்னால் நகரம் முழுக்கப் போயிருக்கிறேன், ரோஷன். கல்லூரிக்கு, கோயிலுக்கு, உன்னைப் பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்கு. எல்லாமே ஒரு பக்கமாக, தெருவோரத்தையும் கடைகளையும் பார்த்தபடி. அவர் பார்த்துக்கொண்டிருந்த சாலையை நான் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. ரேஷ்மாவின் தோளுக்கு மேலாக அன்று பார்த்தபோது அது எவ்வளவு வேகமாக நம்மை நோக்கி வருகிறது என்று தெரிந்தது. அவர் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நான் மளிகை சாமான் பட்டியல் சொல்வதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாலைக்கு வந்தபிறகு காக்ஸ் டவுன் மார்க்கெட் அருகே ஒரு சிக்னலில் வண்டி நின்றுபோனது. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர், "ஹோக்ரி மேடம், பேக ஹோக்ரி!" என்று கன்னடத்தில் சீக்கிரம் போகச் சொல்லி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை உதைத்தேன், உயிர் வரவில்லை. பக்கத்தில் பைக்கில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "யார் வண்டிய எடுத்துட்டு வந்துட்டீங்க மேடம்? அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஒரு பூக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பூக்காரம்மா முழம் போடட்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். பிறகு நியூட்ரல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழவில்லை. இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டு கிளட்சையும் பிடிக்காமல் உதைத்திருக்கிறேன். சரிசெய்து உதைத்ததும் வந்தது. லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடும்போது ஒருமுறை கால் ஊன்றித் தோற்றேன். அடுத்த முறை ரேஷ்மா சொன்னபடி சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்த்தேன். "பள்ளத்தப் பாத்தா பள்ளத்துலதான் போவீங்க" என்பாள். இதிலிருந்து உனக்கு வாழ்க்கைப் பாடம் எதையும் எடுத்துத் தரப்போவதில்லை. வண்டிக்கு அது உண்மை. வாழ்க்கையில் பள்ளத்தைப் பார்க்காமல் இருந்தவர்களும் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "மெடிக்கலா நான் இதுக்கு ஓகே சொல்ல முடியாது மேடம்" என்றார். மாலையில் அப்பா படுகிற பாட்டுக்கு மருந்தைக் கூட்டலாம், கூட்டினால் நாள் முழுக்கத் தூங்குவார் என்றார். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் தகப்பன்மார் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்களே, அந்த பெல்டைப் பெரிய அளவில் தைத்து வாங்கினேன். நம் வீட்டைச் சுற்றியுள்ள உள் தெருக்கள், இரண்டாவது கியருக்கு மேல் இல்லை, பெரிய சாலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வீடியோவில் நீ பார்த்தது இதைத்தான்.

முதல் நாள் நான் வண்டியை உதைத்ததும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஏறி உட்கார்ந்தார். நான் பெல்டை மாட்டினேன். அவர் கை என் தோளில் விழுந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும், ஆனால் அது அப்படி என்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. மரியாதையாக, விரல்நுனி மட்டும் படும்படி வைத்தார். தெரு முனை திரும்பியதும் கேட்டார், "நல்லா ஓட்றீங்க மேடம். புதுசா சேர்ந்திருக்கீங்களா?"

 முன்னால் படுத்திருந்த ஒரு நாயைச் சுற்றி ஓட்டினேன். "ஆமா சார்" என்றேன்.

"நல்லது. கியர் மாத்துங்க, வண்டி கத்துது பாருங்க."

மாற்றினேன். அன்றிலிருந்து அப்படித்தான். நான் அவரிடம் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன். பின்னால் உட்கார்ந்தபடியே அவருடைய இடது கால் காற்றில் கியர் போடும், வலது கால் பிரேக்கை அழுத்தும். நான் தாமதித்தால் முழங்கால் என்னை இடிக்கும். என் பேர் அவருக்குத் தெரியாது, ஆனால் எந்தச் சத்தத்தில் எதைச் செய்யவேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் பேக்கரியைத் தாண்டும்போது, "சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடணும் மேடம். வீட்ல டீச்சரம்மா சாப்பிடாம உட்காந்திருப்பா" என்றார். என்னிடமே என்னைப் பற்றிச் சொன்னார். நான் முன்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஹெல்மெட் போட்டிருந்ததில் ஒரு வசதி இருந்தது.

மழைக்காலத்தில் அது முடிந்தது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அடுத்த விமானத்தில் வந்திருப்பாய். அவர் முன்பு பார்த்துக்கொண்ட ஒரு பழைய கட்டடத்தைத் தாண்டும்போது, "இதான், இதான், நிறுத்துங்க" என்று சொல்லி, நான் நிறுத்துவதற்குள் காலைத் தூக்கி இறங்கப் பார்த்தார். பெல்ட் இழுத்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. எடை எங்கே வரும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது, ஆனால் இரண்டு ஆள் எடையைப் பிடிக்கிற பலம் அதற்கு இல்லை. மெதுவாகத்தான் விழுந்தோம், ஏதோ ஒருவரை ஒருவர் படுக்க வைப்பதுபோல. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்குக் கணுக்காலில் வீக்கம். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். அப்பா சாலையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, "அடி ஏதாவது பட்டுச்சா மேடம்? பயப்படாதீங்க. பேரு என்ன?" என்று கேட்டார். என் பேரைச் சொன்னேன். அவர் அதைச் சொல்லிச் சொல்லி என்னோடு பேச ஆரம்பித்தார். வீடு எங்கே என்று கேட்டார். மதியம் என்ன சமையல் என்று கேட்டார். நான் புளிக்குழம்பு என்றேன். வாட்ச்மேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு அவரை ஏற்றவில்லை. ஏறும் பலமும் அவர் கால்களுக்குச் சீக்கிரமே போய்விட்டது. மாலைகள் மறுபடி பழையபடி ஆயின. ஒருநாள் ஐந்து மணிக்கு, அவர் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், பெட்ரோல் போடப் போவதாகச் சாந்தாக்காவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓடிப்போனேன் என்றுதான் சொல்லவேண்டும். திரும்பி வரும்போது கேட்டருகே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாந்தாக்கா அவரைச் சமாளிக்க, "மேடம் போயிருக்காங்க சார், பாத்துக்குவாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு சார்."

"பேரு கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்." என் மாணவி ஒருத்தியின் பேரைச் சொன்னேன்.

"பயந்துட்டாங்களா?"

"கொஞ்சம் பயந்துட்டாங்க. இப்ப நல்லாருக்காங்க."

"அப்ப சரி" என்றார். உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

அதற்குத்தான் வண்டி, ரோஷன். தினமும் ஐந்து மணிக்கு எடுக்கிறேன். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் தேய்வதையும், பிறகு திரும்பி வருவதையும் அவர் கேட்கவேண்டும். ஜீவனஹள்ளி வரைக்கும் போய்த் திரும்புகிறேன். இப்போது மூன்றாவது கியர்கூடப் போடுகிறேன். போகும்போது அழுவதும் உண்டு, வரும்போது இல்லை. பொய் சொல்கிறேனே என்று முதலில் உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. தினமும் ஒரு பேர் சொல்லவேண்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் உள்ள பேர்கள் தீர்ந்துவிட்டன. போன வாரம் ஒருநாள் வேறு பேர் எதுவும் வாயில் வரவில்லை. "ரோஷன் சார்" என்றேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வரப்போகிறது என்று நான் வண்டியைக்கூட ஸ்டாண்டில் போடாமல் நின்றேன். "நல்ல பேரு" என்றார். முதன்முதலாகக் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தப் பேரை வைத்தவரே அவர்தான்.

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல முடியவில்லை. நீ வரும்போது அவர் உன்னை அடையாளம் கண்டுகொள்வார் என்று எதிர்பார்த்து வராதே. உறவுக்காரர்கள், ஜெபக்கூட்டத்தார் எல்லோரும், "பெத்த பிள்ளைய மறக்க முடியுமா, பாத்ததும் தெரிஞ்சிடும்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை மறந்ததில் அவருக்கு அன்பு குறைந்துவிட்டது என்றும் தோன்றவில்லை. சாலையில் உட்கார்ந்துகொண்டு என் பேரைக் கேட்டாரே, அதைவிட அன்பாக அவர் என் பேரைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஷெரினிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை. அவள் நல்ல பெண், புரிந்துகொள்வாள். இன்னொன்று, கோயிலில் உங்கள் கல்யாணப் பூசையை மாலை நான்கரைக்கு வைத்திருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு முதல் பெஞ்சிலிருந்து அவர் எழுந்து நிற்பார். முடிந்தால் காலைக்கு மாற்றச் சொல். முடியாவிட்டால், நடுவில் நான் எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதே. வண்டி வெளியில்தான் நிற்கும். ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவேன்.

கடைசியாக ஒரு விஷயம். விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குள் வராதே. பேக்கரியருகே இறங்கிக்கொண்டு பெட்டிகளை மட்டும் டாக்சியில் அனுப்பு. சாந்தாக்கா எடுத்து வைப்பார். நான் ஐந்து மணிக்கு அங்கே வருவேன். நீ என் பின்னால் ஏறிக்கொள். அவர் கேட்டில் நின்றுகொண்டிருப்பார். நான் உன்னைக் காட்டி, "இவரைத்தான் சார் எடுத்தோம்" என்பேன். அவர் உன் பேரைக் கேட்பார். சத்தமாகச் சொல், காது கொஞ்சம் மந்தம். பயந்துட்டீங்களா என்று கேட்பார். உண்மையைச் சொல். அவர் உன் கையைப் பிடித்துக்கொள்வார், எல்லோருடைய கையையும் அப்படித்தான் பிடித்திருக்கிறார். அப்போது அப்பா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அந்த நேரத்தில் நீயே பார்த்துக்கொள்.

ஏறும்போது இருபுறமும் கால்போட்டு உட்கார். திரும்பும்போது நீயாக எந்தப் பக்கமும் சாயாதே. என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிரு. ஓட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா